உள்ளூர் படிப்பும் உள்ளூர் வேலையும் மட்டும் இருந்தால் கனடா பிஆர் கிடைக்காதா?

கேள்வியைச் சுருக்கித் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களும் வாசிக்க வசதியாக இருக்கும். உங்களுக்கு 29 வயது, இன்னும் நாலு மாதத்தில் 30. கோவையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரியில் பி.இ., இசிஇ. சென்னையில் ஆறு வருடமாக சாஃப்ட்வேர் டெவலப்பர் வேலை. வெளிநாட்டில் படித்ததில்லை, வேலை பார்த்ததில்லை, கனடாவில் சொந்தக்காரர் என்று யாரும் இல்லை. மனைவிக்கு 27, பி.எஸ்சி. நர்சிங், தனியார் மருத்துவமனையில் நாலு வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். ஏஜென்ட் ஒருவர் உங்களிடம், “உள்ளூர் படிப்பையும் உள்ளூர் எக்ஸ்பீரியன்ஸையும் மட்டும் வைத்துக்கொண்டு பிஆர் கிடைக்காது, முதலில் இரண்டு வருட டிப்ளமோவுக்குப் போங்கள், பிஆர் தானாக வரும்” என்று சொல்லி 25 லட்சத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார். பிஆர் என்றால் கனடாவில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை. ஏஜென்ட் சொன்னது உண்மையா என்று கேட்கிறீர்கள்.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. விண்ணப்பிக்கத் தகுதி உண்டா என்பது ஒன்று, கனடா அரசாங்கத்திடமிருந்து அழைப்பு வருமா என்பது இன்னொன்று. தகுதி உண்டு, அதில் சந்தேகமே வேண்டாம். அழைப்பு, இன்று கையில் இருப்பதை மட்டும் வைத்து வராது. ஏஜென்ட் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டார். அவர் விற்கிற மருந்தும் இந்த நோய்க்கானது இல்லை என்பதைக் கீழே எண்களோடு காட்டுகிறேன். என்னைப் பற்றி ஒரு வார்த்தை: டொராண்டோவில் உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகர் ஒருவரின் அலுவலகத்தில் கோப்புகளைத் தயார் செய்வதுதான் பல வருடமாக என் வேலை. நான் வக்கீல் இல்லை, உங்கள் காகிதங்களையும் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதை அப்படியே நம்பித்தான் பதில் சொல்கிறேன்.

முதலில் தகுதி. கனடாவின் ஃபெடரல் ஸ்கில்டு ஒர்க்கர் திட்டம் உங்களைப் போல வெளியிலிருந்து வருகிறவர்களுக்காகவே இருப்பது. 100க்கு 67 எடுத்தால் போதும். ஆங்கிலத்தில் நான்கு பிரிவிலும் சிஎல்பி (கனடாவின் ஆங்கிலத் தேர்ச்சி அளவுகோல்) 9 வந்தால் 24, பட்டப்படிப்புக்கு 21, ஆறு வருட அனுபவத்துக்கு 15, 35 வயதுக்குள் இருப்பதற்கு 12. ஆக 72. மனைவி ஆங்கிலத் தேர்வு எழுதி சிஎல்பி 4 காட்டினாலே இன்னும் 5 சேரும். கனடாவில் படித்திருக்க வேண்டும், வேலை பார்த்திருக்க வேண்டும் என்று இந்தத் திட்டத்தில் எங்கும் நிபந்தனை இல்லை. கடந்த பத்து வருடத்துக்குள், ஒரே தொழிலில், தொடர்ந்து ஒரு வருடமாவது சம்பளத்தோடு முழுநேர வேலை பார்த்திருக்க வேண்டும். முழுநேரம் என்றால் வாரம் 30 மணி நேரம். அந்த வேலை அவர்களுடைய தொழில் பட்டியலில் டீர் என்கிற திறன் நிலையில் 0 முதல் 3 வரைக்குள் வர வேண்டும். சாஃப்ட்வேர் டெவலப்பர், நர்ஸ் இரண்டுமே டீர் 1. டிகிரிக்கு வெஸ் மாதிரி அங்கீகரிக்கப்பட்ட ஒரு நிறுவனத்திடம் இசிஏ என்கிற படிப்பு மதிப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும், அவ்வளவுதான். எத்தனை அரியர் வைத்தீர்கள், எத்தனை சதவீதம் என்றெல்லாம் பாயிண்ட் கணக்கில் எந்தக் கட்டமும் கிடையாது. நாலு வருடம் படித்து டிகிரி வாங்கினீர்களா என்பதுதான் கேள்வி.

ஆனால் பிளஸ் டூவில் பாஸாவது வேறு, கவுன்சலிங்கில் கட்-ஆஃப் எட்டுவது வேறு என்பது தமிழ்நாட்டில் படித்த யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இங்கேயும் அதேதான். 67 எடுத்தவர்கள் எல்லோரும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்கிற குளத்துக்குள் போகிறார்கள். அங்கே சிஆர்எஸ் என்று 1200க்கு இன்னொரு மதிப்பெண் போடுகிறார்கள். அரசாங்கம் அவ்வப்போது சுற்று நடத்தி, மேலே இருப்பவர்களை மட்டும் அள்ளி அழைப்பு அனுப்புகிறது. உங்கள் பிரச்சினை முழுக்க இந்த இரண்டாவது மதிப்பெண்ணில்தான்.

உங்கள் கணக்கைப் போட்டுவிடுவோம். மனைவியோடு விண்ணப்பிக்கும்போது 29 வயதுக்கு 100, பி.இ.க்கு 112, ஆங்கிலம் நான்கிலும் சிஎல்பி 9 என்றால் 116. அப்புறம் படிப்பும் ஆங்கிலமும் சேர்ந்ததற்கு 25, வெளிநாட்டு அனுபவமும் ஆங்கிலமும் சேர்ந்ததற்கு 50. அவர்கள் கணக்கில் சென்னைதான் வெளிநாடு. மனைவியின் டிகிரிக்கு 8, அவரும் சிஎல்பி 9 எடுத்தால் 20. கூட்டினால் 431. பிறந்தநாள் தாண்டினால் 426. இதில் கவனிக்க வேண்டியது: மூன்று வருடத்துக்கு மேல் எத்தனை வருடம் இருந்தாலும் இந்தியாவில் பார்த்த வேலைக்கு அதே 50தான். ஆறு வருடமும் மூன்று வருடமும் ஒன்று. ‘இன்னும் ரெண்டு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ் சேரட்டும்’ என்று காத்திருக்கும் நண்பர்களைப் பார்க்கிறேன். அவர்களுக்கு அந்த இரண்டு வருடத்தில் ஏறுவது பூஜ்ஜியம், 30ஐத் தொட்ட பிறகு வயதில் இறங்குவது வருடத்துக்கு ஐந்து.

431 கெட்ட மதிப்பெண் இல்லை. 2017 மே 31 அன்று நடந்த சுற்றில் கட்-ஆஃப் 413. அன்றைக்கு நீங்கள் இருந்திருந்தால் அழைப்பு வந்திருக்கும். உங்கள் அலுவலகத்தில் சீனியர்கள் சிலர் கோயம்புத்தூர் டிகிரியையும் சென்னை வேலையையும் மட்டும் வைத்துக்கொண்டு டொராண்டோவில் இறங்கிய கதை உண்மைக் கதைதான். அந்த விலை இப்போது இல்லை. எல்லாத் திட்டத்தாரையும் சேர்த்துப் பொதுவாக நடத்திய சுற்று 2024 ஏப்ரல் 23 அன்று நடந்தது, கட்-ஆஃப் 529. அதன் பிறகு 2025 முடியும்வரை அந்த மாதிரிப் பொதுச் சுற்று ஒன்றுகூட வரவில்லை. கனடாவில் ஏற்கெனவே வேலை பார்ப்பவர்களுக்கு, மாகாண நாமினேஷன் (ஒரு மாகாண அரசின் பரிந்துரை) வாங்கியவர்களுக்கு, பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு, மருத்துவம், கல்வி, கைத்தொழில் மாதிரி குறிப்பிட்ட துறையாட்களுக்கு என்று பிரித்துப் பிரித்துத்தான் கூப்பிட்டார்கள். 2025ல் 5 லட்சம் பேருக்கு பிஆர் தருவதாக முதலில் திட்டமிட்டு, பிறகு அதை 3,95,000ஆகக் குறைத்தார்கள். இடம் குறைந்தால் கட்-ஆஃப் ஏறும், அதில் புரியாதது ஒன்றுமில்லை.

சாஃப்ட்வேர்காரர்களுக்கு இன்னொரு அடியும் விழுந்தது. 2023ல் துறைவாரிச் சுற்றுகள் தொடங்கியபோது ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், எஞ்சினியரிங், கணிதம்) என்று ஒரு பிரிவு இருந்தது, அதில் டெவலப்பர்களும் இருந்தார்கள். 2024 ஏப்ரலில் அந்தப் பிரிவுக்கு 491ல் ஒரு சுற்று நடந்தது. 2025 பிப்ரவரியில் பட்டியலைத் திருத்தியபோது சாஃப்ட்வேர் வேலைகளைப் பெரும்பாலும் தூக்கிவிட்டார்கள். சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் எஞ்சினியர்களும் சைபர் செக்யூரிட்டிகாரர்களும் மிஞ்சினார்கள். அதற்காக வேலையின் பெயரை ‘சைபர் செக்யூரிட்டி’ என்று மாற்றி எழுதித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பொய்த் தகவல் என்று பிடிபட்டால் ஐந்து வருடத் தடை.

சரி, உள்ளூர் காகிதங்களை வைத்துக்கொண்டே 431ஐ எங்கே ஏற்றுவது? முதல் இடம் ஆங்கிலத் தேர்வு. இதைப் பலர் ‘பாஸானால் போதும்’ என்று நினைக்கிறார்கள். ஐஇஎல்டிஎஸ் ஜெனரலில் சிஎல்பி 9 என்றால் லிசனிங் 8, மற்ற மூன்றும் தலா 7. இப்போது ரைட்டிங்கில் மட்டும் 6.5 வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரடியாகக் குறைவது 7 பாயிண்ட்தான். ஆனால் படிப்பும் ஆங்கிலமும் சேர்ந்த 25, அனுபவமும் ஆங்கிலமும் சேர்ந்த 50 இரண்டும் நான்கு பிரிவிலும் சிஎல்பி 9 இருந்தால்தான் முழுதாகக் கிடைக்கும். ஒன்று சறுக்கினால் 25 என்பது 13 ஆகும், 50 என்பது 25 ஆகும். ஆக ஒரே பிரிவில் அரை பேண்ட் குறைந்ததற்கு மொத்தம் 44 பாயிண்ட் போகிறது. எனக்குத் தெரிந்து இந்த ஒரு படிக்கட்டில் விழுந்தவர்கள்தான் அதிகம், அதுவும் ரைட்டிங்கில். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: சிஎல்பி 10 எடுத்தால் இன்னும் 12 ஏறும். ஐஇஎல்டிஎஸ் கைகொடுக்கவில்லை என்றால் செல்பிப் எழுதலாம், 2024 ஜனவரி முதல் பிடிஇ கோர் தேர்வையும் ஏற்கிறார்கள். படிப்புக்கான பிடிஇ அகாடமிக் வேறு, அதை எழுதிவிட்டு வந்து நிற்காதீர்கள்.

இரண்டாவது இடத்தை நீங்கள் கேள்வியின் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: மனைவி நர்ஸ். ஏஜென்ட் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். கணவன் பெயரில்தான் விண்ணப்பம் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நம் வீடுகளில் அப்படி ஒரு பழக்கம், அவ்வளவுதான். அவரை முதன்மை விண்ணப்பதாரராகப் போட்டால் அதே சிஎல்பி 9 கணக்கில் அவருக்கும் 431 வருகிறது. வித்தியாசம் இரண்டு. ஒன்று, 30ஐத் தொட அவருக்கு மூன்று வருடம் இருப்பதால் அந்த எண் இப்போதைக்கு இறங்காது. இரண்டு, அவர் மருத்துவப் பிரிவுச் சுற்றுகளில் நிற்கலாம், நீங்கள் நிற்க முடியாது. அந்தப் பிரிவுக்கு இந்தியாவில் நர்ஸாக வேலை பார்த்த அனுபவமே செல்லும், கனடா அனுபவம் கேட்பதில்லை. கட்-ஆஃப் 2024 பிப்ரவரியில் 422 வரை இறங்கியது. 2025ல் 462க்கும் 510க்கும் இடையில் இருந்தது. சிஎல்பி 10 எடுத்தால் அவருக்கு 443. இன்னும் பள்ளம் இருக்கிறது, ஆனால் உங்கள் பக்கத்துப் பள்ளத்தைவிட இது சின்னது. அவர் படித்தது பி.எஸ்சி. நர்சிங்தானா, ஜிஎன்எம் இல்லையே என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஜிஎன்எம்மை டிப்ளமோவாகத்தான் பெரும்பாலும் மதிப்பிடுகிறார்கள், பாயிண்ட் கணிசமாகக் குறையும்.

மாகாண நாமினேஷன் கிடைத்தால் 600 பாயிண்ட் சேரும், அதோடு கதை முடிந்தது. ஆனால் 2025ல் மாகாணத் திட்டங்களுக்கான இலக்கை 1,10,000லிருந்து 55,000ஆக, சரிபாதியாக வெட்டினார்கள். மிச்சமிருந்ததில் பெரும்பங்கை மாகாணங்கள் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்குக் கொடுத்தன. டெவலப்பர் ஒருவர் சென்னையில் உட்கார்ந்துகொண்டு இதை நம்பித் திட்டம் போடுவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். நர்ஸ் விஷயம் வேறு. 2022ல் நியூஃபவுண்ட்லாந்து மாகாண அரசு நர்ஸ்களைத் தேடி பெங்களூருவுக்கே வந்தது. அந்த மாதிரி வாய்ப்பு மறுபடி எப்போது வரும் என்று யாராலும் தேதி சொல்ல முடியாது, ஆனால் வரும்போது இசிஏவும் ஆங்கில மதிப்பெண்ணும் கையில் இருப்பவர்தான் முதலில் நிற்பார்.

மூன்றாவது இடம் பிரெஞ்சு. இதைச் சொன்னதும் பலர் சிரிப்பார்கள், எண்ணைப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். பிரெஞ்சில் நான்கு பிரிவிலும் என்சிஎல்சி (பிரெஞ்சுக்கான கனடா அளவுகோல்) 7 எடுத்தால் தனியாக 50 பாயிண்ட், இரண்டாம் மொழி என்ற கணக்கில் 12, ஆக 62. அதோடு பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கான தனிச் சுற்றுகளில் நிற்கலாம். 2025ல் அந்தச் சுற்றுகளின் கட்-ஆஃப் கீழே 379, மேலே 481. மார்ச் 21 அன்று 379ல் ஒரே நாளில் 7,500 பேரை அழைத்தார்கள். உங்களுக்கு 31 வயதாகும்போது பிரெஞ்சு கைக்கு வந்தது என்று வையுங்கள், வயதில் 10 போனாலும் 421ம் 62ம் 483. அந்த வருடத்தின் எல்லாப் பிரெஞ்சுச் சுற்றிலும் நீங்கள் உள்ளே. சாஃப்ட்வேரா, நர்ஸா, ஆசிரியரா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. மனைவி படித்தால் அவருடைய 431 அல்லது 443 மேல் அதே 62 ஏறும், பிரெஞ்சு, மருத்துவம் என்று இரண்டு வாசலிலும் நிற்கலாம். துணைவராக வருபவரின் பிரெஞ்சுக்குத் தனி 50 கிடையாது, அதனால் யார் முதன்மையோ அவர்தான் படிக்க வேண்டும்.

இதில் எது நிச்சயம், எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். பாயிண்ட் நிச்சயம், அது விதியில் எழுதியிருக்கிறது. கட்-ஆஃப் நிச்சயமில்லை. ஒரே வருடத்தில் 379க்கும் 481க்கும் இடையில் நூறு பாயிண்ட் ஆடிய ஒன்றை நம்பி யாரும் வாக்குறுதி தர முடியாது. பிரெஞ்சு வருமா என்பதும் ஆளைப் பொறுத்தது. என்சிஎல்சி 7 என்பது ஐரோப்பிய அளவுகோலில் ஏறக்குறைய பி2, அதாவது மேல் இடைநிலை. வேலைக்குப் போய்க்கொண்டே பூஜ்ஜியத்திலிருந்து படிப்பவருக்கு ஒன்றரை வருடமாவது ஆகும், இரண்டு வருடம் ஆனாலும் ஆச்சரியமில்லை. பிளஸ் டூவில் மார்க்குக்காக பிரெஞ்சு எடுத்தேன் என்று சிலர் தெம்பாக வருவார்கள். அந்தப் பிரெஞ்சு வினைச்சொல் அட்டவணையோடு முடிந்துவிடும். டெஃப் கனடா, டிசிஎஃப் கனடா தேர்வுகளில் ஆளைக் கவிழ்ப்பது லிசனிங்கும் ஸ்பீக்கிங்கும்தான். சென்னை நுங்கம்பாக்கத்தில் அலியான்ஸ் ஃபிரான்சேஸ் இருக்கிறது, புதுச்சேரியிலும் இருக்கிறது. முதல் நிலை முடித்துப் பார்த்துவிட்டு மொழி ஒட்டுகிறதா என்று முடிவெடுங்கள். அதற்கு ஆகும் செலவை ஏஜென்டின் 25 லட்சத்தோடு ஒப்பிடவே வேண்டாம்.

இப்போது அந்த 25 லட்சத்துக்கு வருவோம். நீங்கள் 30ல் டிப்ளமோவுக்குப் போகிறீர்கள், 32ல் முடிக்கிறீர்கள், வேலை கிடைத்து ஒரு வருடம் பார்க்கும்போது 33. அன்றைய கணக்கு: வயதுக்கு 80, இரண்டு படிப்புக்கு 119, ஆங்கிலம் 116, கனடா அனுபவம் ஒரு வருடத்துக்கு 35, கனடா டிப்ளமோவுக்கு 15, படிப்பும் அனுபவமும் ஆங்கிலமும் சேர்ந்த கணக்குகளுக்கு முழுதாக 100, மனைவிக்கு 28. மொத்தம் 493. கனடாவில் வேலை பார்ப்பவர்களுக்கான சுற்றுகளின் கட்-ஆஃப் 2025ல் பெரும்பாலும் 520லிருந்து 547 வரை இருந்தது. அதாவது மூன்று வருடமும் 25 லட்சமும் போன பிறகும் வாசலுக்கு வெளியில்தான் நிற்பீர்கள். அதுவும் எல்லாம் ஒழுங்காக நடந்தால். கல்லூரி டிப்ளமோ முடித்தவர்களுக்குப் படிப்புக்குப் பிந்தைய ஒர்க் பர்மிட் வேண்டுமானால், 2024 நவம்பரிலிருந்து படித்த துறை அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும். 2025 ஜனவரி 21 முதல் மாணவரின் துணைவருக்கான ஓபன் ஒர்க் பர்மிட் 16 மாதத்துக்குக் குறையாத மாஸ்டர்ஸ், டாக்டரேட், இன்னும் சில தொழில்முறைப் படிப்புகளுக்கு மட்டும்தான். இரண்டு வருட டிப்ளமோவுக்கு நீங்கள் போனால் அந்த வழியில் உங்கள் மனைவி வேலைக்குப் போக முடியாது. ஒரு நர்ஸின் நாலு வருடத் தொழிலை முடக்கிவிட்டு உங்கள் டிப்ளமோவுக்கு ஃபீஸ் கட்டுகிற திட்டம் இது. அவருக்கும் அங்கே மூன்று வருடம் வயது கூடியிருக்கும்.

நல்ல பல்கலைக்கழகத்தில் மாஸ்டர்ஸ் படிக்க வேண்டும் என்ற ஆசையே உங்களுக்கு இருந்தால் அது வேறு பேச்சு. படிப்புக்காகப் போங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பிஆருக்கு வழி என்று நினைத்து டிப்ளமோ வாங்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன். ‘வேலை ஆஃபர் வாங்கித் தருகிறேன், எல்எம்ஐஏ இருக்கிறது’ என்று இன்னொரு கூட்டமும் கிளம்பும். எல்எம்ஐஏ என்பது வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க அங்குள்ள முதலாளி வாங்குகிற அரசு அனுமதி. வேலை ஆஃபருக்கு இருந்த சிஆர்எஸ் பாயிண்டை 2025 மார்ச் 25 முதல் எடுத்துவிட்டார்கள். காசுக்கு வாங்கும் ஆஃபர் அதற்கு முன்பும் சட்டவிரோதம்தான்.

காகிதங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உள்ளூர் அனுபவம் மட்டும் வைத்திருப்பவர்கள் அழைப்பு வந்த பிறகு தோற்பது இங்கேதான். நம் ஊர்க் கம்பெனிகள் தருகிற ரிலீவிங் லெட்டர் எப்படி இருக்கும்? ‘இன்னார் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பணியாற்றினார், பணிக்காலத்தில் அவரது நடத்தை திருப்திகரமாக இருந்தது, அவருடைய எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்.’ கனடா அதிகாரிக்கு இதில் தேதியைத் தவிர எதுவும் பயனில்லை. அவருக்கு வேண்டியது லெட்டர்ஹெட்டில், கையெழுத்திட்டவரின் பெயர், பதவி, தொடர்பு விவரத்தோடு, வகித்த ஒவ்வொரு பதவிக்கும் தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம் எவ்வளவு, அன்றாடம் செய்த வேலைகள் என்னென்ன என்பது. ஹெச்ஆர் ‘எங்கள் ஃபார்மட் இதுதான்’ என்று கைவிரிப்பார்கள். அப்போது மேனேஜரிடமோ டீம் லீடிடமோ வேலை விவரம் எழுதிய கடிதம் வாங்கி, ஹெச்ஆர் இப்படித்தான் தருவார்கள் என்பதற்கு விளக்கம் வைத்து, கூடவே அப்பாயிண்ட்மெண்ட் லெட்டர், பேஸ்லிப், ஃபார்ம் 16, பிஎஃப் பாஸ்புக், சம்பளம் ஏறிய பேங்க் ஸ்டேட்மெண்ட் என்று அடுக்க வேண்டும். இப்படிப் போய் ஏற்கப்பட்ட கோப்புகளும் உண்டு, நிராகரிக்கப்பட்டவையும் உண்டு. அதிகாரியைப் பொறுத்தது, இதில் உத்தரவாதம் இல்லை. வேலை விவரத்தை அரசாங்கத்தின் தொழில் பட்டியலிலிருந்து வரிக்கு வரி நகலெடுத்து ஒட்டாதீர்கள். ஒரே வாசகத்தை ஆயிரம் கோப்பில் பார்த்தவர்கள் அவர்கள். உங்கள் மனைவி எந்த வார்டில் இருந்தார், ஐசியூவா, டயாலிசிஸா, ஒரு ஷிஃப்ட்டில் என்ன செய்தார் என்று அவருடைய வேலையாக எழுதச் சொல்லுங்கள்.

தனியார் மருத்துவமனைகளில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. சம்பளத்தில் ஒரு பகுதியைக் கையில் தருவார்கள், பாண்ட் முடியாமல் கடிதம் தர மாட்டார்கள், சில இடங்களில் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டையே வைத்துக்கொள்வார்கள். வேலையில் இருக்கும்போதே, உறவு சுமுகமாக இருக்கும்போதே கடிதத்தை வாங்கி வைப்பதுதான் புத்திசாலித்தனம். வேலையை விட்டு இரண்டு வருடம் கழித்துப் போய் நின்றால் நர்சிங் சூப்பரின்டென்டென்டே மாறியிருப்பார். இன்னொன்றையும் கவனியுங்கள்: பிஆர் வேறு, அங்கே நர்ஸாகப் பதிவு செய்வது வேறு. பதிவு மாகாணத்துக்கு மாகாணம் தனி, கியூபெக் தவிர மற்ற மாகாணங்களில் என்க்ளெக்ஸ் என்கிற நர்சிங் உரிமத் தேர்வு எழுத வேண்டும். அதை இந்தியாவிலேயே எழுதலாம். பிரெஞ்சு படிக்கிற அதே காலத்தில் இதையும் முடித்துக்கொண்டால் இறங்கிய பிறகு ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிற மாதங்கள் குறையும்.

பணம் பற்றிச் சுருக்கமாக. 2025 ஜூலை நிலவரப்படி இரண்டு பேர் குடும்பத்துக்கு 19,001 கனடா டாலர் காட்ட வேண்டும், வருடாவருடம் இது மாறும். ஆறு மாதச் சராசரி இருப்போடு பேங்க் கடிதம் கேட்பார்கள். ஃபிக்ஸட் டெபாசிட் சரி. நகை, நிலம் கணக்கில் வராது. கடன் வாங்கிய பணமும் ஆகாது. அப்பா கொடுத்தால் அன்பளிப்புப் பத்திரம் வேண்டும். சீட்டு எடுத்து மொத்தமாகப் போட்டால் அது எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டும். அழைப்பு வந்த நாளிலிருந்து 60 நாள்தான் அவகாசம், 2025 ஆகஸ்ட் 21 முதல் மெடிக்கலையும் அதற்குள்ளேயே முடித்திருக்க வேண்டும். அந்த 60 நாளில் முதன்முறையாக ஹெச்ஆர் கதவைத் தட்டுபவர்கள் பெரும்பாலும் அழைப்பை வீணாக்குகிறார்கள்.

ஆஸ்திரேலியா பற்றியும் கேட்டிருந்தீர்கள். அங்கேயும் உள்ளூர் படிப்பு, உள்ளூர் அனுபவத்தோடு தகுதி பெறலாம், 65 பாயிண்ட் எடுத்தால் போதும். ஆனால் சாஃப்ட்வேர்காரர்களை மதிப்பிடுகிற ஏசிஎஸ், உங்கள் அனுபவத்தில் முதல் சில வருடங்களைத் தகுதி பெற ஆன காலம் என்று கழித்துவிடும். கம்ப்யூட்டர் படிப்போடு நெருங்கிய டிகிரிக்கு வழக்கமாக இரண்டு வருடம், விலகிய படிப்புக்கு இன்னும் அதிகம். உங்கள் ஆறில் மிஞ்சுவது நாலோ அதற்கும் குறைவோ. அங்கே மூன்று வருடத்துக்கு 5, ஐந்து வருடத்துக்கு 10. ஆக, கழித்த பிறகு உங்களுக்கு 5 கிடைத்தால் பெரிது. தமிழர்களுக்கு ஒரு சின்ன லாபம் உண்டு: நாட்டி (NAATI) என்கிற மொழிபெயர்ப்பாளர் அங்கீகார அமைப்பின் சிசிஎல் தேர்வைத் தமிழில் எழுதி 5 பாயிண்ட் எடுக்கலாம். இரண்டு உரையாடல்களை ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும், 90க்கு 63 எடுக்க வேண்டும். மருத்துவமனையில் வேலை பார்ப்பவருக்கு அதில் பாதிச் சொற்கள் ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஆனால் அங்கேயும் ஐடிக்கு அழைப்பு 65ல் வருவதில்லை, அதைவிட வெகு மேலேதான்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த மாதம் செய்வது இது: இரண்டு பேருடைய டிரான்ஸ்கிரிப்டுக்கும் விண்ணப்பிப்பேன், உங்களுடையது அண்ணா பல்கலைக்கழகத்தில், அவருடையது எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்றால் கிண்டியில். இரண்டு பேரும் ஐஇஎல்டிஎஸ் எழுதி, யாருக்கு என்ன வருகிறது என்று பார்த்த பிறகு, யார் முதன்மை என்று முடிவு செய்வேன். அதன் பிறகுதான் பிரெஞ்சு வகுப்புக்குப் பணம் கட்டுவேன். இரண்டு பேரும் தனித்தனியாகத் தகுதி பெறுவதால் ஒருவர் மற்றவரைத் துணைவராகக் காட்டி இரண்டு புரொஃபைல் போட்டு வைக்கவும் தடை இல்லை. இதில் எதற்கும் ஏஜென்ட் தேவையில்லை. தேவை என்று பட்டால், சிஐசிசி என்கிற, குடிவரவு ஆலோசகர்களுக்கு உரிமம் தருகிற ஒழுங்குமுறை அமைப்பின் இணையதளத்தில் உரிமம் பெற்றவர்களின் பதிவேடு இருக்கிறது. உங்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவரின் பெயர் அதில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அவருக்குக் கீழே கையெழுத்துப் போடப்போகிற ‘கனடா பார்ட்னர்’ பெயர் இருந்தால் அந்த ஆளிடமே நேரடியாக வீடியோவில் பேச வேண்டும் என்று கேளுங்கள். மனைவியின் வயது, பட்டம், வேலை அனுபவம், ஆங்கில மதிப்பெண் பற்றிய கேள்விகளை அவர் தானாகக் கேட்கிறாரா என்றும் பாருங்கள்.